மான் ஓட இடம் இருக்கிறதா?

“ஏனுங்க மாமா, பணம் கட்டுனா ஆப்பிரிக்காவுல போய் மான் சுடலாமாமே, நெசமாங்க?”

காலேஜில் படிக்கிற அக்கா மகன் கேட்ட கேள்வி இது. கையில் செல்போன். அதில் ஒரு வெளிநாட்டுக்காரர், முறுக்கிய கொம்புள்ள பெரிய மான் ஒன்றின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பக்கத்தில் துப்பாக்கி சாய்த்து வைத்திருக்கிறது.

“நெசம்தான் கண்ணு” என்றேன். நமீபியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் இது சட்டப்படி நடக்கிற தொழில். தங்குவதற்கு நாள் கணக்கில் ஒரு கட்டணம். அதற்கு மேல், எந்த விலங்கைச் சுடுகிறீர்களோ அதற்குத் தனி ரேட். குடு, ஓரிக்ஸ், இம்பாலா, ஸ்பிரிங்பாக் என்று ஹோட்டல் மெனு கார்டு மாதிரி பட்டியல் இருக்கும். தலையையும் கொம்பையும் பதப்படுத்தி, பெட்டியில் அடைத்து ஊருக்கே அனுப்பி வைப்பார்கள்.

இந்த விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வார்த்தை உண்டு. ‘ஃபேர் சேஸ்.’ தமிழில் ‘நேர்மையான துரத்தல்’ என்று வைத்துக்கொள்ளலாம். வண்டியில் உட்கார்ந்தபடி சுடக்கூடாது. கால்நடையாகப் போய்த்தான் தேட வேண்டும். ராத்திரியில் விளக்கடித்துக் கண்ணைக் கூச வைக்கக்கூடாது. வேலிக்குள் அடைத்த விலங்கைச் சுடக்கூடாது. சுருக்கமாக, தப்பித்து ஓட மானுக்கு ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு இல்லாவிட்டால் அது வேட்டையே கிடையாது, கசாப்புக்கடை வேலை என்பது அவர்கள் கட்சி.

இந்தக் கொள்கையை உலகம் முழுக்கப் பரப்பியது அமெரிக்காவின் ‘பூன் அண்ட் கிராக்கெட் கிளப்.’ 1887-ல் இதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் தியோடர் ரூஸ்வெல்ட். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். பதவிக்காலம் முடிந்த கையோடு 1909-ல் அவர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குக் கிளம்பினார். அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிக்கிற பயணம் அது. அவரும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து சுட்ட விலங்குகள் 512. நேர்மையாகத் துரத்தினாலும் எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது ஒரு கணக்கு.

சரி, ஆப்பிரிக்கா கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அக்கா மகனும் அதைத்தான் கேட்டான். “நம்மூர்ல அந்த மாதிரி மான் எங்க இருக்குது?” என்றான். இருக்கிறது. கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம், சிறுமுகை தாண்டி, பவானிசாகர் அணைக்கு மேற்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் வெளிமான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நாம் எல்லாவற்றையும் ‘மான்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். புள்ளிமானும் கடமானும் ஒரு குடும்பம். அவற்றின் கொம்பு கிளை கிளையாக இருக்கும். விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமான் வேறு குடும்பம். ஆங்கிலத்தில் ஆன்டிலோப் என்பார்கள். அதன் கொம்பு கிளைக்காது, விழாது. உயிர் இருக்கும்வரை கூடவே இருக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் அது நெருங்கிய சொந்தம். கிடா முதிர முதிர முதுகு கறுத்துக்கொண்டே வரும், வயிறு மட்டும் வெள்ளை. திருகாணி போல முறுக்கிய இரண்டு கொம்புகள். பெட்டைக்குக் கொம்பு கிடையாது. நிறமும் செம்மண் பழுப்பு.

நம் முன்னோர்கள் இதைக் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியல், ‘புல்வாய்’ என்ற விலங்கின் ஆணுக்கு இரலை, கலை என்ற பெயர்களைச் சொல்கிறது. அந்தப் புல்வாய் நம் வெளிமான்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கலைமான் என்ற பெயர் வந்த வழியும் அதுதான். ஆனால் எனக்குப் பிடித்த பெயர் வெளிமான். வெளியில் வாழ்கிற மான். மரம் அடர்ந்த காட்டில் இதற்கு வேலை இல்லை. பரந்த புல்வெளிதான் வீடு, தெருவு, கோட்டை எல்லாம்.

ஏன் அப்படி? இது ஒளிந்து பிழைக்கிற பிராணி இல்லை. பார்த்து, ஓடிப் பிழைக்கிற பிராணி. தூரத்தில் ஒரு நிழல் அசைந்தால் போதும், ஒன்று துள்ளும். அதைப் பார்த்து மொத்தக் கூட்டமும் துள்ளித் துள்ளிக் கிளம்பும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை போகும் என்கிறார்கள். இந்த வேகத்துக்குப் பின்னால் இருந்தது சிவிங்கிப்புலி. அது துரத்த, இது ஓட, லட்சக்கணக்கான ஆண்டுகளாக இரண்டும் ஒன்றையொன்று கூர் தீட்டிக்கொண்டன. உண்மையான ‘நேர்மையான துரத்தல்’ என்றால் அதுதான். விதிப் புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு மனிதன் நடுவில் வந்தான். மொகலாயர் காலத்தில் சிவிங்கியையே பழக்கி வெளிமான் மேல் ஏவினார்கள். பழக்கிய கிடாவின் கொம்பில் சுருக்குக் கயிறு கட்டி, சண்டைக்கு வருகிற காட்டுக் கிடாவை மாட்ட வைக்கிற தந்திரமும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். வெட்டவெளியில் வெளிமானை நெருங்குவது லேசில்லை. நடந்து வருகிற துப்பாக்கிக்காரனை அரை மைல் தூரத்திலேயே பார்த்துவிடும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, நம்முடைய மாட்டு வண்டி!

தினமும் வயல்வழியே போய் வருகிற கட்டை வண்டியைப் பார்த்து வெளிமான் பயப்படாது. குடியானவர் சும்மா ஓட்டிக்கொண்டு போவார், அவ்வளவுதானே. அந்த வண்டியின் மறைவில் துரை கூடவே நடப்பார். நேராக மானைப் பார்த்துப் போகாமல், சுற்றிச் சுற்றி வட்டத்தைக் குறுக்கிக்கொண்டே வந்து, தோதான தூரத்தில் வண்டியைவிட்டு விலகிச் சுடுவார். அந்தக் காலத்து வேட்டைப் புத்தகங்களில் இதை ஒரு கலை போல விவரித்திருப்பார்கள். மான் நம்பியது வண்டிக்காரரை. அந்த நம்பிக்கையின் பின்னால் மறைந்து சுட்டதை நேர்மை என்பதா? உங்கள் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.

நம் மேற்கு மலையில் இதற்கெல்லாம் விதி எழுதுகிற வேலையும் சீக்கிரமே தொடங்கியது. சுட்டுச் சுட்டு நீலகிரியில் வரையாடு அருகிப்போனதைப் பார்த்து, வேட்டைக்காரர்களே 1877-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் சுடக்கூடாது, குறிப்பிட்ட மாதங்களில் சுடக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள். அந்தச் சங்கம் பெயர் மாறி, வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கமாக இன்றும் ஊட்டியில் இருக்கிறது. வேட்டைக்காரர்கள் தொடங்கிய சங்கம் காவல்காரர் சங்கமானது நல்ல விஷயம்தான்.

ஆனால் அந்த விதிகளில் ஒரு ஓரவஞ்சனை இருந்தது. பொழுதுபோக்குக்குச் சுடுகிறவருக்கு ‘ஸ்போர்ட்ஸ்மேன்’ என்று பெயர். தலைமுறை தலைமுறையாக வலையும் கண்ணியும் வைத்து வயிற்றுக்கு வேட்டையாடிய மலைமக்களுக்குத் ‘திருட்டு வேட்டைக்காரர்’ என்று பெயர். எது நேர்மை என்று தீர்மானிக்கிற பேனா, துப்பாக்கி வைத்திருந்தவர் கையில் இருந்தது. இன்றைக்கு ஆப்பிரிக்க விளம்பரங்களைப் பார்க்கும்போதும் எனக்கு முதலில் தோன்றுவது இந்த எண்ணம்தான்.

துரைகள் போன பிறகு நிலைமை சீராகியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜீப் மலிவாகக் கிடைத்தது. ராத்திரியில் ஜீப்பில் போய், பளிச்சென்று விளக்கடித்தால், வெளிமான் கண் கூசி அப்படியே நின்றுவிடும். பகலில் அரை மைலில் மனிதனைக் கண்டுபிடிக்கிற பிராணி, ராத்திரி வெளிச்சத்தில் நகரத் தெரியாமல் சாகும். மாட்டு வண்டியோடு நடந்த துரைகூடப் பரவாயில்லை என்று நினைக்க வைத்த காலம் அது. நாடு முழுக்க மந்தை மந்தையாக அழிந்தது இப்படித்தான். இந்தியாவின் கடைசிச் சிவிங்கிப்புலிகள் மூன்றும், இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா சமஸ்தானத்தின் மன்னர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் 1947-ல் இரவு நேரத்தில் காரில் போகும்போது சுட்டவை என்பது பதிவு. 1952-ல் அந்த இனம் இந்தியாவில் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மறுபடி 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டோம். இழந்ததை ஆப்பிரிக்காவில் கேட்டு வாங்க வேண்டிய நிலை.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. நடிகர் சல்மான் கானின் வழக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1998-ல் ஜோத்பூர் அருகே வெளிமான் வேட்டையாடியதாக வழக்கு, 20 ஆண்டு கழித்து 2018-ல் 5 ஆண்டு சிறைத் தண்டனை, ஜாமீன், மேல்முறையீடு. அந்த வழக்கு விடாமல் நடந்ததற்குக் காரணம், வெளிமானைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைக்கிற பிஷ்னோய் மக்கள்.

ஆக, நம் ஊரில் வெளிமானைத் துப்பாக்கி இனி பெரிதாகத் துரத்துவதில்லை. அப்படியானால் அது நிம்மதியாக இருக்கிறதா? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வெளிமான் மிஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணுகிற இடங்களில்தான். சென்னை கிண்டி, கோடியக்கரை, தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு, நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. வல்லநாட்டில் வெளிமானுக்காகவே 1987-ல் சரணாலயம் அமைத்தார்கள். மாயாற்றுப் பகுதி, 2008-ல் சரணாலயமாகி 2013-ல் புலிகள் காப்பகமான சத்தியமங்கலம் காட்டோடு சேர்ந்தது. வடக்கே தாளவாடி மேட்டுநிலம், தெற்கே நீலகிரிச் சரிவு, நடுவில் மழை குறைந்த வறண்ட பள்ளத்தாக்கு. அந்த வறட்சியால்தான் அங்கே காடு அடர்ந்து வளராமல் புல்வெளி இருந்தது. புல்வெளி இருந்ததால்தான் வெளிமான் இருந்தது.

அந்தப் புல்வெளிக்குள் இப்போது சீமைக்கருவேலம் புகுந்திருக்கிறது. மாடு ஆடு அதன் நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்புகிறது. ஒரு முள்மரம் வந்தால் நாலு வருஷத்தில் ஒரு புதர்; புதர் சேர்ந்தால் சுவர். அந்தச் சுவருக்குள் 80 கிலோமீட்டர் வேகத்தை வைத்துக்கொண்டு வெளிமான் என்ன செய்யும்? தூரத்தில் வருவதைப் பார்க்க முடியாது. பார்த்தாலும் ஓட முடியாது. புதரில் பதுங்குகிற சிறுத்தைக்கு அது சுலபமான இரை. ஈன்ற பெட்டை, குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். அசையாமல் கிடப்பதுதான் குட்டிக்கு இயற்கை சொல்லிக்கொடுத்த பாதுகாப்பு. மோப்பம் பிடித்து வருகிற நாய்க்கூட்டத்திடம் அந்தப் பாடம் செல்லுபடியாகாது.

வண்டியில் சுடக்கூடாது, விளக்கடிக்கக்கூடாது, வேலிக்குள் சுடக்கூடாது என்று வேட்டைக்காரர்கள் விதி போட்டார்கள். நாம் துப்பாக்கியைத் தொடாமலேயே அதைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டிருக்கிறோம். முள்ளால் ஒரு வேலி, ரோட்டால் ஒரு வேலி, வீட்டுமனையால் ஒரு வேலி. தப்பித்து ஓட வாய்ப்பு வேண்டும் என்பதுதான் நேர்மைக்கு இலக்கணம் என்றால், ஓடுவதற்கு ஒரு வெளியும் வேண்டும். அது இல்லாத இடத்தில் சட்டம் மட்டும் இருந்து என்ன பயன்?

புல்வெளி என்பதை நாம் ஒரு சொத்தாகவே மதிப்பதில்லை. கணக்கில் ‘தரிசு’ என்று எழுதிவிடுகிறோம். மரம் நட வேண்டிய காலி இடம், பிளாட் போட வேண்டிய காலி இடம், சோலார் தகடு பதிக்க வேண்டிய காலி இடம். ஆனால் கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் புல்லின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொரங்காடு என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோமே! சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் அங்கங்கே வெள்வேல மரம். ஒரு பகுதியில் மேய்த்து, மறுபகுதிக்கு ஓய்வு கொடுத்து, மழை பொய்த்தாலும் காங்கயம் காளையைக் காப்பாற்றிய மேய்ச்சல் நிலம் அது. புல் ஒரு பயிர் என்று புரிந்துகொண்ட ஊர் இது. மாட்டுக்குப் புரிந்துகொண்டதை மானுக்கும் கொஞ்சம் புரிந்துகொண்டால் போதும்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். வேட்டைப் பணம் காட்டைக் காப்பாற்றுகிறது என்கிறார்கள் ஆப்பிரிக்காவில் பலர். நமீபியாவில் 1996-ல் வந்த சட்டத் திருத்தப்படி, கிராம மக்கள் சேர்ந்து தங்கள் நிலத்துக் காட்டுயிர்களைப் பராமரித்து, சுற்றுலாவிலும் வேட்டையிலும் வருகிற வருமானத்தைப் பெறலாம். கறியும் ஊருக்கே. மான் இருந்தால் காசு என்றானதும் மானுக்கு இடம் விட்டார்கள். கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்து, பார்க்க வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிறது. இரண்டு வழியிலும் நன்மையும் உண்டு, சிக்கலும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. நம் வெளிமானை 1930-களில் அமெரிக்காவின் டெக்சாஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பண்ணைகளில் பெருகி, இன்று காசு கட்டிச் சுடுகிற பட்டியலில் அதுவும் ஒன்று. பாகிஸ்தானில் வெளிமான் அற்றுப்போனபோது, டெக்சாஸ் மந்தையிலிருந்துதான் கொண்டுவந்து லால் சுஹான்ராவில் வளர்த்தார்கள். எனவே ‘வேட்டைக்காரன் எல்லாரும் வில்லன்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நமீபியா, கென்யா, டெக்சாஸ் மூன்றிலும் பொதுவாக இருப்பது இடம். ஏக்கர் கணக்கில், மைல் கணக்கில் திறந்த நிலம். நமக்கு இருப்பது ஒரு பள்ளத்தாக்கும் கொஞ்சம் புல்லும். அதில் வேட்டைக்கு அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

“அப்ப காட்டுப்பன்றி வந்து நிலக்கடலையைத் தோண்டிப் போட்டா கையக் கட்டிட்டு நிக்கறதுங்களா?” என்று விவசாயிகள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஆனால் அது வேறு கணக்கு. ஒரு ராத்திரியில் ஒரு வருஷ உழைப்பு போனவருக்கு நிவாரணம் கிடைத்தாக வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையே சுடலாம். இது போதுமா போதாதா என்று விவாதிக்கலாம். ஆனால் பயிரைக் காக்கச் சுடுவதும், சுவரில் மாட்டச் சுடுவதும் ஒன்றாகாது.

இந்த வித்தியாசம் நம் மண்ணுக்குப் பழசு. கொங்கு நாட்டுக்கும் வேட்டைக்கும் உறவு ஆழம். வேட்டுவர் வாழ்ந்த மண் இது. ஆனைமலை அடிவாரத்தில் வேட்டைக்காரன்புதூர் என்றே ஒரு ஊர் இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில், யாருக்குக் கல் நட்டுக் கும்பிட்டார்கள் என்று பாருங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் வயல் ஓரத்திலும் கோயில் வாசலிலும் நிற்கிறதே புலிகுத்திக்கல், அதில் ஒரு ஆள் புலிக்கு நேரே ஈட்டியோடு நிற்பான். ஊர் மாட்டைக் காக்கப் போய்ப் புலியோடு மோதிய வீரன் அவன். இரண்டு பேரில் யார் சாவார்கள் என்பது கடைசிவரை தெரியாத மோதல் அது. எத்தனை மான் சுட்டான், கொம்பு எத்தனை அங்குலம் என்று கணக்கு எழுதி யாருக்கும் கல் நடவில்லை. காத்தவனுக்குத்தான் கல்.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். பணமும் ஆசையும் இருந்தால் கேமராவை எடுத்துக்கொண்டு போ. வெளிமானை நெருங்கிப் படம் எடுக்க, அந்தக் காலத்து வேட்டைக்காரனுக்குத் தேவைப்பட்ட அதே பொறுமையும் அதே திறமையும் வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, வெயில் எங்கே விழுகிறது, கூட்டத்தில் காவல் நிற்பது எந்தப் பெட்டை என்று படிக்க வேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் நுழையக்கூடாது. வண்டியை விட்டுத் துரத்தி ரீல்ஸ் எடுக்கக்கூடாது. அதுவும் ஜீப் வேட்டைதான், குண்டு மட்டும் இல்லை.

நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. காட்டோரத் தோட்டத்தில் நாய் வளர்ப்பவர்கள் ராத்திரியில் அவிழ்த்துவிடாமல் இருக்கலாம். தடுப்பூசியும் கருத்தடையும் செய்துவிடலாம். ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் சீமைக்கருவேலத்தை அகற்றத் தீர்மானம் வந்தால் கிராம சபையில் கை தூக்கலாம். மரம் நடுகிற ஆர்வம் உள்ள இளைஞர்கள், புல்வெளியைத் தோண்டிக் கன்று நடுவதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே என்ன வாழ்கிறது என்று ஒரு நிமிஷம் விசாரிக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு மான் படம் காட்டும்போது, இது புள்ளிமான், இது வெளிமான், இது நம்ம பவானிசாகர் பக்கம் இருக்குது என்று பிரித்துச் சொல்லலாம். பெயர் தெரிந்த பிராணிக்குத்தான் ஊரில் வக்காலத்து வாங்க ஆள் கிடைக்கும்.

ஓடி ஜெயிப்பதற்கென்றே படைக்கப்பட்ட பிராணி அது. துரத்துவது யாராக இருந்தாலும், கொஞ்சம் வெளி கொடுத்தால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். நம்மிடம் அது வேறெதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பார்க்கலாம்.